மலைப்பாம்போடு ஒரு போட்டோ

ஒரு நாளாவது நீ ரிலாக்ஸாக இருக்க வேண்டும் என்று சொல்லித்தான் கதிரேசன் தன் மனைவி பூங்கோதையை அந்த விலங்குப் பூங்காவுக்குக் கூட்டிவந்திருந்தான். விடியுமுன் எழுந்து எல்லோருக்கும் புளியோதரை கட்டியவள் அவள். பிள்ளைகள் கிளிகளுக்குத் தீனி கொடுக்க, பைகளைச் சுமந்துகொண்டு நின்றவள் அவள். குரங்குக்குட்டி மூத்திரம் பெய்த அவன் சட்டையைக் குழாயடியில் அலசியவளும் அவள்தான். "மூஞ்சிய ஏன் உம்முனு வச்சிருக்க?" என்று அவன் கேட்டுக்கொண்டே இருந்தான்.

இப்போது, வேண்டாம் வேண்டாம் என்று சொல்லச் சொல்ல, அவள் கழுத்தில் மலைப்பாம்பைப் போட்டார்கள். ஈரச் சாக்கைப்போலக் கனத்தது.

"பயப்படாதீங்கக்கா, ஒண்ணும் செய்யாது" என்றான் பூங்கா ஊழியன்.

ஏன் செய்யாது என்பது கிட்டத்தில் பார்த்தபோதுதான் தெரிந்தது. அதன் வாயைச் சுற்றிக் கண்ணாடி டேப் ஒட்டியிருந்தது.

கதிரேசன் போனை உயர்த்தினான். "சிரிடி, எல்லாரும் பாக்குறாங்க. உனக்காகத்தான இவ்வளவும்."

அவள் தடவிக்கொடுப்பதுபோல் பாம்பின் தலைமேல் கையை வைத்தாள். வீட்டில் டேப் சுருளின் நுனி தொலைந்துபோனால் எல்லோரும் அவளிடம்தான் கொண்டுவருவார்கள். வேறு யாருக்கும் அகப்படாத நுனி அவள் கட்டைவிரல் நகத்துக்கு அகப்பட்டுவிடும். இப்போதும் அகப்பட்டது.

அன்றைக்கு முதல்தடவையாகப் பூங்கோதை சிரித்தாள்.

"ஆங், அப்படித்தான்!" என்றான் கதிரேசன்.

"இன்னும் கொஞ்சம் கிட்ட வந்து எடுங்க" என்றாள்.