இந்த வாரம் பாலக்காட்டில்

“போச்சு! எல்லாம் போச்சு!” என்று பின்சி கைப்பேசியைப் பார்த்துக் கத்தியதும், கணவன் ஜிபி பாதிச் சவரம் செய்த முகத்தோடு குளியலறையிலிருந்து ஓடி வந்தான்.

“யாருக்கு என்ன ஆச்சு?”

“நமக்குத்தான். இந்த வாரம் பாலக்காட்டுல நாப்பது டிகிரிக்குக் கீழ ஒரு நாள் கெடையாதாம். புதன்கெழமை நாப்பத்தொண்ணு. சனி வரைக்கும் பேருக்குக்கூட மேகம் இல்ல. நாளைக்கே நானும் ஜின்சியும் பள்ளிவாசல் எஸ்டேட்டுக்குக் கெளம்புறோம்.”

ஜிபிக்கு வங்கியில் மார்ச் கடைசி வேலை. அவனால் நகர முடியாது. “அப்ப உங்க அண்ணனுக்கு ஒரு போன் போட்டுச் சொல்லிடு” என்றான்.

பின்சி சிரித்தாள். “எதுக்கு? தேயிலைக்காட்ட விட்டா அவங்களுக்கு ஏது போக்கிடம்?”

அந்தத் தேயிலைக்காட்டுத் தொழிலாளர் லைன் வீட்டில்தான் பின்சியும் பிறந்து வளர்ந்தாள். கல்யாணமாகிப் பாலக்காட்டுக்கு வந்த பிறகு அதை யாரிடமும் சொல்வதில்லை. ‘மூணாறு பக்கம் எங்களுக்கு ஒரு வீடு இருக்கு’ என்பாள். வருஷம் முழுக்க அந்த வீட்டு நினைப்பே வராது. வெயில் ஏறினால் வரும்.

அவள் போய் இறங்கினால் மதினி புஷ்பமேரி கொழுந்து பறிக்கப் போகாமல் லீவு போட்டு, வேளாவேளைக்கு வெந்நீர் காய வைப்பாள். அண்ணன் சூசையப்பன் கட்டிலை விட்டுக்கொடுத்துவிட்டுச் சிமெண்டுத் தரையில் படுப்பார். பின்சி மூக்கைப் பொத்திக்கொண்டு, “இந்தப் புகையில மனுசர் இருப்பாங்களா?” என்று கேட்டபடி ஒரு வாரம் தங்குவாள்.

போன வருஷம் அண்ணனுக்குப் பாலக்காட்டில் வயிற்றில் ஆபரேஷன் நடந்தது. “ரெண்டு நாள் ஒங்க வீட்டுல தங்கிக்கவா பின்சி?” என்று மதினி தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

“வீட்டுல பெயிண்ட் அடிக்கிறாங்க மதினி. அந்த வாடை அண்ணனுக்கு ஆகாதே” என்றாள் பின்சி. பெயிண்டும் இல்லை, ஒன்றும் இல்லை. புது சோபாவில் விறகுப்புகை வாடை ஏறிவிடும் என்ற பயம்தான். அந்த மே மாத வெயிலில் மதினி ஆஸ்பத்திரி வராந்தாவில் பாய் விரித்துப் படுத்தாள். பின்சி ஒரு நாள் எட்டிப் பார்த்து ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலைக் கொடுத்துவிட்டு வந்தாள். அதோடு கடமை முடிந்தது.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் பின்சி காரை எடுத்தாள். பொள்ளாச்சி, உடுமலை தாண்டி மலை ஏறியது வண்டி. மறையூருக்கு மேலே ஒரு வளைவில், எதிரே இறங்கி வந்த பஸ்ஸுக்கு ஒதுங்கி நின்றாள். ஜன்னலுக்கு ஜன்னல் தலைகள் பிதுங்கின.

“அம்மா, அந்தப் பஸ்ஸுல யாரோ நமக்குக் கை காட்டுறாங்க!” என்றாள் மகள் ஜின்சி.

“எஸ்டேட் ஆளுங்க. காரைப் பாத்தாலே கை ஆட்டுவாங்க. நீ கண்ணாடிய ஏத்து.”

மூணாறில் பிரியாணி சாப்பிடும்போது ஜிபி இரண்டு தரம் கூப்பிட்டான். ஊறுகாய் பாட்டில் எங்கே என்று கேட்பான், வேறென்ன? பின்சி எடுக்கவில்லை. கடை கடையாகச் சுற்றித் தனக்கும் மகளுக்கும் சாக்லேட் வாங்கினாள். அண்ணன் வீட்டுக்கு விலை குறைந்த ரொட்டிப் பாக்கெட் ஒன்று வாங்கினாள். அதுவே அதிகம் என்று பட்டது.

பள்ளிவாசலில் இறங்கியபோது சாயங்காலம். கோடை மழை பிடித்துக்கொண்டது. குடை இல்லை. காரைக் கீழே ரோட்டோரம் நிறுத்திவிட்டு மேடேறி ஓடிப் போய்ப் பார்த்தால் அண்ணன் வீட்டுக் கதவில் பூட்டு தொங்கியது.

தாயும் மகளும் தகர இறவாணத்துக்கு அடியில் ஒண்டினார்கள். மெல்லிய பருத்திச் சட்டை உடம்போடு ஒட்டிக்கொண்டது. மலைக்காற்று எலும்பில் இறங்கியது. பின்சி பல் கிடுகிடுக்க மதினியைக் கூப்பிட்டாள்.

“எங்க போய்த் தொலைஞ்சீங்க மதினி? வீடு பூட்டிக் கெடக்கு. நாங்க நனைஞ்சு நிக்கிறோம்!”

“ஐயோ ஏசுவே! வாரேன்னு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? சாவி பக்கத்து வீட்டு சுவக்கீன் அண்ணன்ட்ட இருக்கு, வாங்கிக்கோ. வெறகு அடுப்புக்குப் பின்னால இருக்கு. ஒங்க அண்ணனுக்கு மறுபடி வயித்து வலி. டாக்டரு ஒரு வாரம் பாலக்காட்டுலயே இருக்கணும்னுட்டாரு. அதான் காலைல பஸ் ஏறிட்டோம்.”

பின்சிக்கு மூச்சு வந்தது. கட்டில் முழுசாகக் கிடைக்கும். புஷ்பமேரியின் முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை. அவர்களுக்கு மறுபடி அதே வராந்தா, அதே பாய். புதன்கிழமை நாற்பத்தொன்று. நன்றாக வேகட்டும்.

குரலில் கருணையைக் குழைத்துக்கொண்டாள். “அடப் பாவமே! இந்த வெயில்ல எப்படி மதினி வராந்தாவுல கெடப்பீங்க?”

“வெயிலா? போர்வைக்குள்ளயும் பல்லு அடிக்குது. ஜிபி அண்ணனும் எங்களுக்குச் சாப்பாடு வாங்க வெளிய போயிட்டாரு” என்ற புஷ்பமேரி, அதே மூச்சில் கேட்டாள்:

“பின்சி, ஒன் ரூம்பு ஏசிய எப்படி அணைக்கிறது?”