பனிப்பாறை வீட்டுக்கு வந்த கரித்தூசி

எங்கோ காடு எரிந்தபோது கிளம்பிய கரித்தூசி ஒன்று, காற்றின் தோளில் ஏறிக் கடல் கடந்து, துருவத்துப் பனிப்பாறைமேல் போய் இறங்கியது. நம்பாதவர்கள் காற்றையே கேட்டுக்கொள்ளலாம்.

“வீடு எரிஞ்சுபோச்சுக்கா. கடுகளவு இடம் குடுத்தாப் போதும்” என்றது.

பனிப்பாறைக்கு மனசு கேட்கவில்லை. “உட்காரு தம்பி. வெயிலை மட்டும் கூப்பிட்டுடாதே. அவனை வாசலோட திருப்பி அனுப்பிடுவேன். அவன் தங்கினா நான் கரைஞ்சே போயிடுவேன்.”

“எனக்கெதுக்குக்கா அவன் சகவாசம்?”

விடிந்ததும் வெயில் வந்தது. கரித்தூசிக்கோ நல்ல குளிர். “அண்ணே, சும்மா ஒரு நிமிஷம் பக்கத்துல உட்காருங்க” என்று மெல்லக் கூப்பிட்டது. வெயில் உட்கார்ந்தது. பேச்சு வளர்ந்தது. பனிப்பாறை இளகி ஒழுகத் தொடங்கியது.

கரித்தூசி முகம் சுளித்தது. “என்னக்கா இது! விருந்தாளி வந்திருக்கிற நேரத்துல வீட்டை இப்படியா ஈரமா வச்சிருப்பீங்க?”