வெயிலில் விரித்த ஃபில்டர்

பழைய ஆயில் ஃபில்டரின் தகர உறையை வெட்டிவிட்டு, உள்ளிருக்கும் காகித மடிப்புகளை வெயிலில் பிரிக்கிறார் மெக்கானிக். கறுத்த எண்ணெய் அவர் முழங்கை வரை வழிகிறது. காரைக் கொண்டுவந்தவன் பக்கத்தில் கால் மாற்றிக் கால் மாற்றி நிற்கிறான். காரில் ஏதோ சத்தம் கேட்கிறது என்று, சாவதற்கு முந்தைய மாதமெல்லாம் மனைவி சொல்லிக்கொண்டிருந்தாள். பிரமை என்று அவன் சிரித்தான். இப்போது இந்தக் காகிதத்தில் உலோகத் தூள் ஒன்றும் இருக்கக் கூடாது. "பரீட்சை ரிசல்ட்டா பாக்குறீங்க? வெளிச்சத்தை மறைக்காதீங்க தம்பி." அவன் விலகுகிறான், மறுபடி குனிகிறான். நாலாவது மடிப்பில் பொடிப்பொடியாக ஏதோ மினுங்குகிறது. மெக்கானிக் காந்தத்தை வைத்துப் பார்க்கிறார், ஒட்டவில்லை. "இரும்பு இல்ல, இன்ஜின் பேரிங்கோட அலுமினியப் பூச்சு தேயுது. சத்தம் வந்திருக்குமே, கேக்கலையா?" "வீட்ல சொன்னாங்க." "நல்ல காது. அடுத்த தடவை அவங்களையே கூட்டிட்டு வாங்க." "சரிண்ணே" என்கிறான் அவன்.