பயிற்சிக் குண்டு

அண்டை வீட்டாரின் புகாரின்பேரில் வந்த காவலர் ஹோய்ட், ஆர்வில் சேகரித்து அடுக்கியிருந்த பழைய ராணுவக் குண்டுகளைக் கண்டு வாசலிலேயே நின்றுவிட்டார்.

"என்னய்யா ஆர்வில், வீடா இது, ஆயுதக் கிடங்கா? எல்லாத்தையும் அள்ளிட்டுப் போகப்போறேன்."

வாழ்நாள் சேகரிப்பு பறிபோகுமோ என்று ஆர்வில் பதறினார்.

"உள்ள வாய்யா. நீலம் பூசியிருந்தா பயிற்சிக் குண்டு, வெறும் இரும்பு. பச்சையில மஞ்சள் பட்டை இருந்தாத்தான் நிஜம்." வரிசையில் புதிதாகச் சேர்ந்திருந்ததைச் சுத்தியலால் ஓங்கித் தட்டிக் காட்டினார்.

ஹோய்ட் அச்சம் தெளிந்து உள்ளே வந்து அமர்ந்தார். "எல்லாம் நீலந்தான். சரி, வச்சுக்க."

காப்பியுடன் வந்த ஆர்விலின் மனைவி டார்லீன் கணவரைப் பார்த்துப் பூரித்தாள். "அந்தப் புதுசு நீங்க ஊர்ல இல்லாதப்ப பார்சல்ல வந்துச்சு. பச்சையும் மஞ்சளுமா கண்ணை உறுத்திச்சு. மத்ததோட சேரட்டும்னு நான்தான் நீலம் அடிச்சேன்."

இன்னொரு தட்டுக்காக ஆர்வில் ஓங்கிய சுத்தியல் அந்தரத்திலேயே நின்றது.