தெரு முழுக்க வெள்ளைக் கொடி

தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டை விட்டு ஹட்டன் டவுனில் குடியேற வாடகை வீடு தேடினார்கள். பார்த்த வீட்டையெல்லாம் ஏதாவது குறை சொல்லித் தட்டிக் கழித்தார் வீரபத்திரன். இன்றைக்குப் பார்க்க வந்த தெருவில் எல்லாம் சிங்களக் குடும்பங்கள். போதாததற்குச் சாவுக்கு வெள்ளைக் கொடி வேறு கட்டிக்கொண்டிருந்தார்கள்.

“சகுனமே சரியில்ல. வாங்கப்பா, போயிருவோம்” என்றான் மகன் வினோஜன்.

“இருடா. வீடு பாக்க வந்தா எல்லாவனும்தான் பல்லக் காட்டுவான். சாவுல எப்படி இருக்கானுங்கன்னு பாப்போம்.”

பெண்கள் தெருவோரத்தில் பெரிய பானையில் தேத்தண்ணி வைத்துக்கொண்டிருந்தார்கள். ஏணியில் நின்று கொடி கட்டியவன், வீரபத்திரனின் நெற்றித் திருநீற்றைப் பார்த்ததும் அவசரமாக இறங்கி வந்தான்.

“பாக்கியம் அக்காவோட சொந்தமா?” என்று சிங்களத்தில் கேட்டான்.

“இல்ல. யாரு அது?” அவரும் சிங்களத்திலேயே கேட்டார்.

“செத்துப்போனவங்க. எங்க தெருவுல இருந்த ஒரே தமிழ் ஆள். சொந்தபந்தம் யாருமில்ல, நாங்கதான் எடுக்குறோம். தன்னோட சாவுக்குத் தப்பு மேளம் அடிக்கணும்னு சொல்லிக்கிட்டே இருப்பாங்க. காலையிலருந்து தேடுறோம், அடிக்க ஆள் கிடைக்கல.”

வீரபத்திரன் மகனிடம் திரும்பினார்.

“தோட்டத்துக்குப் போன் போட்டுத் தப்புக்காரங்கள வரச் சொல்லு.”

“அப்ப வீடு?”

“அட்வான்ஸக் குடுத்துட்டு வா.”

சொல்லிவிட்டு, கொடி கட்டியவன் மறுபடி ஏறியதும் ஆடிய ஏணியைப் பிடித்துக்கொண்டார்.