முக்கால் ஏணி

ஏணியை முக்கால்வாசி உயர்த்தி நிறுத்திவிட்டு, காற்று அதிகம் என்றேன்.

நிலையத்துக்குப் பின்னால் கொடியில் காய்ந்த காக்கிச் சட்டைகள் ஒரு கையைக்கூட அசைக்கவில்லை.

சொல்லிக்கொடுத்த பொய்தான். ஒன்றுக்குள் ஒன்றாக நாலு அடுக்கு ஏணி. கடைசி அடுக்கை நீட்டிவிடாதே என்று எங்கள் அதிகாரி காலையிலேயே படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். பதினாறு வருடம் இந்தத் தீயணைப்பு வண்டியை ஓட்டியவன் சொன்னால் வாங்க வருகிறவர்கள் நம்புவார்களாம். இது கழிந்தால்தான் எங்களுக்குப் புது வண்டி.

வாங்க வந்த அம்மா வேறொரு ஊரின் தீயணைப்பு அதிகாரி. அங்கே ஐந்து மாடி ஆஸ்பத்திரி ஒன்றைக் கட்டித் திறந்துவிட்டார்கள். இவரிடம் இருப்பதோ இரண்டு மாடி எட்டும் கை ஏணி. அதைச் சொல்லும்போது அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அந்தக் கடைசி அடுக்கு போன வருடம் ஒரு படி அளவு சறுக்கியது. உச்சியில் நின்றவர் எங்கள் வீட்டு மாப்பிள்ளை. தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று. மூன்று முறை பழுது பார்த்தோம், மூன்று முறையும் சறுக்கியது. இப்போது அவர் நிலையத்தில் டெலிபோன் எடுக்கிறார். வீட்டில் பல்பு மாற்றக்கூட என் தங்கைதான் ஸ்டூலில் ஏறுகிறாள்.

அந்த அம்மா வண்டியைச் சுற்றி வந்தார். பாதி உயரம் ஏறி இறங்கினார். ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தால் என் பாரம் குறைந்திருக்கும். கேட்கவில்லை. கையெழுத்துப் போட என்னிடமே பேனா கேட்டார்.

கொடுக்கக் கை வரவில்லை. எங்கள் அதிகாரி ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். புது வண்டி போனால் போகட்டும்.

அந்த அம்மாவின் முகம் மாறவில்லை. கொடியில் கிடந்த சட்டைகளை அவரும் பார்த்திருக்கிறார். இது அவர் பார்க்கும் ஏழாவது வண்டியாம். மற்ற ஆறிலும் ஏணியே எழும்பவில்லையாம்.

"எதுவரைக்கும் நம்பலாம்ணா?"

நாலாவது மாடி என்றேன். அதற்கு மேலே என் பகையாளியைக்கூட ஏறச் சொல்ல மாட்டேன்.

அவர் அங்கேயே நின்று ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டார். ஐந்தாவது மாடியில் இருக்கும் கைக்குழந்தை வார்டை இந்த வாரமே நாலாவதுக்கு இறக்கச் சொன்னார்.

அப்படியானால் மேலே யாரைப் போடுவது என்று அந்தப் பக்கத்துக் குரல் கேட்டது என் காதிலும் விழுந்தது.

அவர் ஏணியின் நுனியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"நடக்க முடிஞ்சவங்கள," என்றார்.