வழி தெரிந்தவர்

பதினாறு வருடமாகச் சுற்றுலா வேன் ஓட்டுபவர், முதன்முறையாக மனைவியைப் பஸ்ஸில் ஏற்றி அருவிக்குக் கூட்டி வந்திருந்தார். வழியெல்லாம் அவள் பொருமிக்கொண்டே வந்தாள்.

"ஊர் உலகத்துக்கெல்லாம் சுத்திக் காட்டுறீங்க. அருவி, அரண்மனை, காட்டுக்குள்ள கண்ணாடி லாட்ஜுன்னு வீட்டுக்கு வந்து கதை வேற. நான் மட்டும் அடுப்படியே கதின்னு கெடக்கேன்."

"அதான் இன்னைக்குக் கூட்டிட்டு வந்துட்டேன்ல."

டிக்கெட் வாங்கி கேட்டைத் தாண்டியதும் பாதை இரண்டாகப் பிரிந்தது.

"எந்தப் பக்கம்?" என்றாள்.

அவர் இரண்டு பாதையையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இருநூறு தடவை வந்தவருக்கு வழி தெரியாதா?"

அதற்குள் பார்க்கிங் காவலாளி அவரைப் பார்த்துவிட்டு ஓடி வந்தார்.

"என்னண்ணே, இன்னைக்கு வண்டி இல்லையா? வண்டிய விட்டு நகரக் கூடாதும்பாரே உங்க மொதலாளி. இத்தனை வருஷத்துல உங்கள கேட்டுக்கு உள்ள பாத்ததே இல்லையே."

காவலாளி போன பிறகு மனைவி மெல்லக் கேட்டாள். "அப்போ பாலாக் கொட்டும்னு சொன்னதெல்லாம்?"

"பின் சீட்டுல பேசிக்கிட்டாங்க."

தண்ணீர் விழும் சத்தம் எங்கிருந்தோ கேட்டது.

"அரண்மனை?"

"அங்க பார்க்கிங்ல நல்ல நிழல்."